நான் ஒட்டிய பக்கமும் நன்றி கெட்ட கழுதையும்

போன மாதம் நம் நூலகர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கை கேள்வி ஒன்று போட்டிருந்தார். பென்னாகரம் பக்கத்துக் கிளை நூலகத்தில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. “குழந்தைகள் அலமாரியில் சாவு வருகிற கதைகள் சில இருக்கின்றன. பெற்றோர் யாராவது சண்டைக்கு வருவதற்குள் எடுத்து உள்ளே வைத்துவிடலாமா?” என்று கேட்டிருந்தார். அரை மணி நேரத்துக்குள் ஏகப்பட்ட பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டீர்கள். ஒருவர் பூங்கொத்து போட்டிருந்தார். எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் அன்று ஒன்றும் போடவில்லை. எழுத ஆரம்பித்தால் நீளும் என்று தெரியும். இதோ, நீண்டுவிட்டது. ஓய்வு பெற்று மூன்று வருடமான கிழவி வேறு எதைச் செய்வாள்? பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தங்கை புத்தகத்தை எடுத்து உள்ளே வைக்கத்தான் அனுமதி கேட்டார். நான் அதைவிடப் பெரிய கெட்டிக்காரி. யாரையும் கேட்காமல் பக்கத்தையே ஒட்டினேன்.

என் பணிக்காலத்தின் கடைசிப் பன்னிரண்டு வருடம் மாரண்டஹள்ளியில் கழிந்தது. கீழே காய்கறி மண்டி, மேலே நூலகம். தக்காளி வரத்து அதிகமான நாட்களில் எங்கள் புத்தகங்கள்கூடத் தக்காளி வாசனை அடிக்கும். குழந்தைகள் பகுதி என் செல்லப்பிள்ளை. அங்கே ஒரு பிள்ளை சிணுங்கினாலும் எனக்குப் பொறுக்காது. ஒரு தடவை ஒரு தகப்பனார் வந்து, “உங்க புக்கப் படிச்சுட்டு எம் பையன் ராவெல்லாம் அழுவுறான். இதெல்லாம் யாருங்க வாங்கி வெக்கச் சொல்றாங்க? மேல எழுதிப் போடட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் எழுதிப் போடவில்லை. ஆனால் “மேல” என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. அரசு வேலையில் இருக்கிற உங்களுக்கு அந்தச் சொல்லின் கனத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கே குழந்தைகள் அலமாரியை ஒரு கை பார்த்தேன். எனக்கு அதிக வேலை வைக்காமல் எழுத்தாளர்களே பெரும்பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நம் குழந்தைக் கதைகளில் செத்தவர்கள் சாவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? தாத்தா நட்சத்திரமாகிவிடுகிறார். கிளி மேகத்துக்குள் குடிபோகிறது. நாய் ‘நீண்ட பயணம்’ கிளம்புகிறது. எந்தப் பேருந்தில் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. துணிந்து ‘செத்துப்போனது’ என்று எழுதியிருந்தவை நாலைந்துதான் இருந்தன. அவற்றை நான் கவனித்துக்கொண்டேன், கோந்து பாட்டிலோடு.

அவற்றில் ஒன்று ஒரு கழுதைக்குட்டியின் கதை. சின்னப் படப் புத்தகம். பதினோராம் பக்கத்தில் குட்டியும் அம்மாவும் ஆற்றங்கரைப் பாதையில் போகின்றன. பன்னிரண்டில் அம்மா கழுதை செத்துப்போகிறது. பதின்மூன்றில் குட்டி தனியாக நிற்கிறது. பதினாலில் பச்சைப் புல்லில் துள்ளிக் குதிக்கிறது. எதிரெதிராக இருந்த பன்னிரண்டையும் பதின்மூன்றையும் முகத்தோடு முகம் வைத்து ஒட்டினேன். அம்மாவோடு நடந்த குட்டி, பக்கத்தைப் புரட்டினால் புல்லில் துள்ளும். நல்ல முடிவு. ஒட்டியது தெரியாத அளவுக்கு நேர்த்தி வேறு. என் வேலையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கடத்தூர் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். பிறந்த ஒரே மாதத்தில் இறந்துபோன என் தம்பியின் சின்னக் கல்லறையில் ஐந்து வயதிலேயே மெழுகுவத்தி ஏற்றி வைத்தவள் நான். அவன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் மறைத்ததில்லை. திரும்பி வரும் வழியில் நாங்கள் முறுக்கு தின்றதையும் யாரும் தடுத்ததில்லை. அப்படி வளர்ந்தவளுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். நியமன உத்தரவோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

இப்போது நந்தினிக்கு வருகிறேன்.

நந்தினி அப்போது நான்காம் வகுப்பு. பள்ளி விட்டதும் நேரே நூலகத்துக்கு வருவாள். யார் எந்தப் புத்தகம் எடுக்க வேண்டும், யார் எங்கே உட்கார வேண்டும் என்று மற்ற பிள்ளைகளுக்கு உத்தரவு போடுவாள். நான் நூலகராக இருந்தது அவள் அனுமதியோடுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். அவள் அப்பா மினி லாரி ஓட்டுநர். மாரண்டஹள்ளியிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவார். அம்மா தையல் மிஷின் வைத்திருந்தார். என் ஜாக்கெட்டுகள்கூட அவர் தைத்தவைதான்.

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். நான்காவது நாள் உடலாகத்தான் திரும்பி வந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து நந்தினி நூலகத்துக்கு வந்தாள். யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கொடுக்க வேண்டும், அழ வைக்காததாகக் கொடுக்க வேண்டும். இருப்பதிலேயே ஆபத்தில்லாத புத்தகம் எது என்று தேடினேன். நானே சுத்தம் செய்து வைத்திருந்த கழுதைக்குட்டி கண்ணில் பட்டது. “இத எடுத்துட்டுப் போ கண்ணு, நல்லா இருக்கும்” என்று கையில் கொடுத்தேன். அப்படிப்பட்ட புத்திசாலி நான்.

மறுநாள் சாயங்காலம் வந்து, புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு ஓரத்து நாற்காலிக்குப் போய்விட்டாள். நான் திறந்து பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில் துள்ளிக் குதித்த குட்டியின் முகம் இருந்த இடத்தில் நீலப் பேனா கிறுக்கல்தான் இருந்தது. தாள் ஓட்டையாகும் அளவுக்கு அழுத்தியிருந்தாள். கீழே அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘நன்றி கெட்ட கழுதை.’

எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? கோபம். தாயை இழந்த பிள்ளை மேல் ஒரு மாதத்துக்குள் கோபப்பட நூலகரால் மட்டும்தான் முடியும். புத்தகத்தில் கிறுக்கினால் நமக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் ஒரு நாள் வரும். அவளைக் கூப்பிட்டேன்.

“ஏன் நந்தினி இப்படிக் கிறுக்கின?”

“அது கெட்ட கழுத டீச்சர்.”

“குட்டி என்ன பண்ணுச்சு?”

“அம்மா கூட நடந்து போவுது. அடுத்த பக்கத்துல அம்மாவக் காணோம். அம்மா எங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. புல்லத் தின்னுட்டுக் குதிக்குது.” மூச்சு வாங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த அம்மாக் கழுதையும் தவறிடுச்சா டீச்சர்?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

“எங்கம்மா தவறிட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கம்மா என்ன தவறு பண்ணாங்க?”

முப்பது வருடமாகப் புத்தகங்களோடு இருந்தவள் நான். தமிழில் சாவுக்கு நாம் வைத்திருக்கிற மரியாதையான சொல்லும், பிள்ளைகள் கணக்கில் செய்கிற பிழைக்கு வைத்திருக்கிற சொல்லும் ஒன்றுதான் என்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. அவள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் அவள் தலையைத் தடவி, அவள் அம்மா ஏதோ தப்பு செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் போயிருந்தேன். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது நான் செய்தது என்ன? “நாளைக்குச் சொல்றேன் கண்ணு, மணி ஆவுது” என்றேன். மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவளைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் நூலகத்துக்குத் தினமும் செய்தித்தாள் படிக்க ஓய்வுபெற்ற நடத்துனர் ஒருவர் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பாலக்கோடு, ஓசூர் தடங்களில் ஓடியவர். நாங்கள் பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. செய்தித்தாளை மடித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“பக்கத்த நீங்களா ஒட்டினீங்க மேடம்?”

“ஆமாங்க. பிள்ளைங்க அழக்கூடாதேன்னு.”

“எறங்கின ஆள எறங்கிட்டாங்கன்னு சொல்லிடணும் மேடம். சொல்லலைன்னா கூட வந்தவங்க பஸ்ஸு பூரா தேடுவாங்க. நான் எத்தன வாட்டி பாத்திருக்கறன்.” சொல்லிவிட்டுப் பழையபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார். எனக்கு அறிவுரை சொன்னதாகக்கூட அவர் நினைத்திருக்க மாட்டார். உங்களில் பலர் பெரிய பெரிய பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறீர்கள். எனக்குக் கிடைத்த பயிற்சி வகுப்பு இவ்வளவுதான்.

மறுநாள் நான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, நான்கு மணிக்கே ஒரு அம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“நீங்கதான் லைப்ரரி மேடமுங்களா? நான் நந்தினியோட அத்தைங்க. மாதம்மா.”

நந்தினி அப்பாவின் அக்கா. அவர் சாவுக்கு வந்ததிலிருந்து அங்கேயே தங்கிச் சமையலையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அந்தக் கழுத புக்குல என்னதாங்க எழுதியிருக்குது? முந்தா நாளு சாயந்திரம் அதப் படிச்சதுலருந்து சோத்தத் தொட மாட்டேங்கறா. நேத்து பூராவும் பட்டினி. இன்னிக்குக் காலைலயும் தட்டத் தள்ளிட்டுப் போயிட்டா. கேட்டா, ‘நான் கழுத இல்ல’ங்கறா. யாரு அவளக் கழுதன்னாங்க? இந்தப் பக்கம் கழுதையே காணோமுங்களே.”

சிரிப்பு வருகிற மாதிரி அவர் சொன்னாலும் விஷயம் அப்படிப்பட்டதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றரை நாளாகச் சாப்பிடவில்லை. காரணம் நான் கொடுத்த புத்தகம். அந்தப் புத்தகம் அப்படி ஆனதற்குக் காரணம் என் கோந்து.

நான் மெதுவாக, “அவங்கம்மா பத்தி வீட்ல பேசறீங்களா?” என்று கேட்டேன்.

“ஐயோ, அந்தப் பேச்சே எடுக்கறதில்லைங்க. போட்டோவக்கூட பீரோல வெச்சுப் பூட்டிட்டோம். அழுவ ஆரம்பிச்சா நிப்பாட்ட முடியாது. அவ அழுதா எந்தம்பி வண்டி எடுக்க மாட்டான். வூடு ஓடணுமில்லீங்களா? நீங்களும் சாவு கீவு வர கதையெல்லாம் குடுத்துடாதீங்க மேடம், உங்களக் கையெடுத்துக் கும்புடறன்.”

அவர் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் நந்தினி பள்ளிப் பையோடு படியில் நின்றாள். முகம் வாடிப்போயிருந்தது.

தம்பி தங்கைகளே, அலமாரியை எப்படி அடுக்குவது, எண் எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இப்படி ஒரு நிமிடம் வந்தால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இருக்காது. வளர்க்கிறவர் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறார். அவர் பேச்சை மீற எனக்கு என்ன உரிமை? பிள்ளையோ நேற்றுக் கேட்ட கேள்விக்குப் பதில் கேட்டு நிற்கிறாள். ‘மேல’ என்கிற பயமும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் நான் நினைத்தது ஒன்றுதான். பசியோடு நிற்கிறவள் அவள்.

“உங்க முன்னாடியே பேசறேங்க. தப்பா இருந்தா என்னை நிறுத்துங்க” என்று மாதம்மாவிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்து வைத்தேன். “நந்தினி, இந்தக் குட்டி மேல தப்பில்ல. தப்பு என் மேல. நடுவுல ரெண்டு பக்கத்த நான்தான் ஒட்டி வெச்சேன்.”

அவள் ஒன்றும் அதிர்ச்சி அடையவில்லை. “பதினொண்ணுக்கு அப்புறம் பதினாலு வந்துச்சு டீச்சர். எண்ணத் தெரியாதவங்க அடிச்ச புக்குன்னு நெனச்சேன்” என்றாள். எதிர்ப்பக்கம் நடத்துனரின் செய்தித்தாள் குலுங்கியது.

ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிப் பிரித்தேன். என் நேர்த்தி அப்போதுதான் எனக்கே பாடம் கற்பித்தது. பக்கம் பிரிந்தது, எழுத்து பிரிந்து வரவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் ‘அம்மா கழுதை’ என்ற இரண்டு சொல் மட்டும் மிஞ்சியது. மீதியெல்லாம், பதின்மூன்றாம் பக்கமும் சேர்த்து, உரிந்து வெள்ளையாகிவிட்டது.

“என்ன எழுதியிருந்துச்சு?” என்று நந்தினி கேட்டாள்.

சுற்றி வளைக்க இன்னொரு வாய்ப்பு. நட்சத்திரம் தயாராக இருந்தது, மேகம் தயாராக இருந்தது. “அம்மாக் கழுதை செத்துப்போச்சுன்னு எழுதியிருந்துச்சு” என்றேன்.

“எங்கம்மா மாதிரியா?”

“ஏங்க...” என்று மாதம்மா பதறினார். நான் நிறுத்தவில்லை.

“ஆமா கண்ணு. உங்கம்மா மாதிரி. உங்கம்மா செத்துப்போயிட்டாங்க. கெட்ட காய்ச்சல், டாக்டருங்களால காப்பாத்த முடியல. தவறிட்டாங்கன்னா செத்துப்போயிட்டாங்கன்னுதான் அர்த்தம். அவங்க ஒரு தவறும் பண்ணல.”

“நான்?”

“நீயும் பண்ணல.”

அழுவாள் என்று மாதம்மாவும் நானும் காத்திருந்தோம். அவள் அழவில்லை. வெள்ளையாகிப்போன இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “அப்ப குட்டி என்ன பண்ணுச்சு? அதுவும் கிழிஞ்சு போச்சே.”

குட்டி தனியாக நின்ற படத்தைத் தவிர, சத்தியமாக எனக்கு எதுவும் நினைவில்லை. பக்கத்தை ஒட்டிய அவசரத்தில் நான் அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. “எனக்கு மறந்துபோச்சு. நீயே எழுதறியா?” என்று பேனாவை நீட்டினேன்.

“நேத்து எழுதக் கூடாதுன்னு திட்டினீங்க.”

“நேத்து சொன்னது நேத்து. எழுது.”

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. எழுதி முடித்ததும் அத்தைக்குப் படிக்கத் தெரியாதே என்று உரக்கப் படித்தாள். பழைய உத்தரவுக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

“அம்மா கழுதை செத்துப்போச்சு. குட்டி மூணு நாள் புல்லு திங்கல. நாலாவது நாள் பசிச்சுது. அப்பாக் கழுதை புரோட்டா வாங்கிட்டு வந்துச்சு. குட்டி ரெண்டு தின்னுச்சு. நல்லா இருந்துச்சு. அத்தக் கழுதை திட்டுச்சு.”

கழுதை புரோட்டா தின்னுமா என்று நான் கேட்கவில்லை. எப்போது வாயை மூட வேண்டும் என்று நூலகருக்கும் எப்போதாவது தெரியும்.

மாதம்மாவின் முகம் மாறிவிட்டது. “அத்தக் கழுதையா? நானா கண்ணு? நான் எப்படி கண்ணு திட்டுவன்?”

“‘பெத்தவ போயி நாலு நாளு ஆவல, புரோட்டா கேக்குதா’ன்னு சொன்னீங்க.” குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

மாதம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முதலில் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் எடமிருக்குதா அந்தப் பக்கத்துல?” என்று கேட்டார்.

“கொஞ்சம் இருக்குது.”

“எழுதிக்க. அத்தக் கழுதைக்கும் அன்னிக்குப் பசிதான். வூடு நெறைய ஆளு, மூணு நாளா அது ஒரு வாயி திங்கல. புரோட்டா வாசம் வந்ததும் அதுக்கும் வாயூறிடுச்சு. செத்த வூட்ல வாயூறுதேன்னு அதுக்கு வெக்கமாப் போயிடுச்சு. அதான் குட்டி மேல வள்ளுன்னு வுழுந்துச்சு. எழுது.”

“அவ்ளோ எடம் இல்ல அத்த.”

“சுருக்கி எழுது கண்ணு.”

நந்தினி யோசித்து, மூன்றே சொல்லில் முடித்தாள்: ‘அத்தக் கழுதைக்கும் பசி.’

அதற்கப்புறம்தான் அழுதாள். அத்தை மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, நூலகமே கேட்கிற மாதிரி அழுதாள். அமைதி காக்கவும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்த பலகைக்கு நேர் கீழே. செய்தித்தாள் படிக்க வந்தவர்கள் ஒருவரும் ‘உஸ்’ சொல்லவில்லை. நடத்துனர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். பிள்ளைகள் அழுதால் பொறுக்காதவள் அன்றைக்குப் பொறுத்துக்கொண்டேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

அழுது முடித்து நந்தினி நிமிர்ந்து பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “பசிக்குது அத்த.”

இருவரும் இறங்கிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மண்டிக்கு எதிரில் அப்போதுதான் கல்லைச் சூடு செய்துகொண்டிருந்த புரோட்டாக் கடைக்குள் போனார்கள். போவதற்கு முன்னால் நந்தினி அந்தப் புத்தகத்தைத் தன் பெயரில் பதியச் சொல்லி எடுத்துக்கொண்டாள். கிழிந்த புத்தகத்தை இரவல் கொடுக்கக் கூடாது என்பது விதி. கொடுத்தேன்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாப் பிள்ளைகள் கையிலும் சாவுக் கதையைத் திணித்துவிடாதீர்கள். நானும் அந்தப் பைத்தியக்காரத்தனம் செய்தேன். அடுத்த வருடம், அக்காவை இழந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். நான் அனுபவசாலி ஆயிற்றே, சோகக் கதைகளாகப் பார்த்து நாலு எடுத்து முன்னால் அடுக்கினேன். அவள் நான்கையும் ஒரு பார்வை பார்த்தாள். “கோலப் புக்கு இருக்குதுங்களா இல்லீங்களா?” என்று கேட்டாள். ஒரு வருடம் முழுக்கக் கோலப் புத்தகம்தான் எடுத்தாள். அவளுக்கு அது தேவைப்பட்டது. என்ன வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நம் வேலை, அவர்கள் கை நீட்டும்போது அங்கே புத்தகம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, எல்லாப் பக்கங்களோடும்.

ஆகவே பென்னாகரம் தங்கையே, அந்தக் கதைகளை உள்ளே வைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டுகிற கீழ்த் தட்டிலேயே இருக்கட்டும். யாராவது சண்டைக்கு வந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள். பாதிப் பேர் சண்டை போட வருவதில்லை, அவர்களுக்கும் அழ ஓர் இடம் தேவைப்படுகிறது. மீதிப் பாதிப் பேர் சண்டை போடத்தான் வருவார்கள், அவர்களை என்னிடம் அனுப்புங்கள். எனக்கும் பொழுது போக வேண்டும்.

கழுதைப் புத்தகம் குறித்த தேதியில் திரும்பி வரவில்லை. தேதி தாண்டி மூன்று வாரம் ஆனது. நந்தினியிடம் கேட்டால், “அப்பா படிக்கறாரு டீச்சர். மெதுவாத்தான் படிப்பாரு” என்பாள். பதினாறு பக்கப் படப் புத்தகத்தை ஒரு மனிதர் மூன்று வாரமாக என்ன படிப்பார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அம்மாவின் போட்டோவைக் கூடத்தில் மாட்டிவிட்டதாகவும், பொட்டு வைப்பது தன் வேலை என்றும் அவள்தான் சொன்னாள். மற்ற பிள்ளைகளுக்கு மறுபடியும் உத்தரவு போட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் நான் கதவைத் திறக்கும் நேரத்துக்கு அவள் அப்பாவே வந்தார். வண்டியை அணைக்காமல் கீழே நிறுத்தியிருந்தார். “லேட்டாயிடுச்சுங்க மேடம், மன்னிச்சுக்கங்க” என்று புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு, நான் பேச்சுக் கொடுப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

திறந்து பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் நந்தினியின் வரிகளுக்கும் அத்தைக் கழுதையின் வரிக்கும் கீழே, இனி ஒரு சொல்லுக்கும் இடமில்லாத அந்த மூலையில், மூன்றாவதாக ஒரு கையெழுத்து இருந்தது. எழுதிப் பழக்கமில்லாத கை. எழுத்துக்கள் மேலும் கீழுமாக நடந்தன.

‘அப்பா கழுதை தெனமும் ராயகோட்ட தாண்டி வண்டிய ஓரமா நிறுத்தி அழுவும். அப்பறம் ஓட்டும்.’

அந்த வருடம் புத்தக இருப்பைச் சரிபார்க்க வந்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சிதைந்த நூல், கழித்துவிடலாமே” என்றார். நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாரண்டஹள்ளியில் கீழ்த் தட்டில் இப்போதும் இருக்கும். போனால் பாருங்கள்.